எலும்பும் சுறாப்புட்டும்

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை எங்கள் காரைக்காலில் வாசலிலேயே கண்ணால் எடை போட்டுவிடுவார்கள். பெருத்திருந்தால் "பிரான்ஸ் தண்ணி ஒத்துக்கிச்சு" என்பார்கள். இளைத்திருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கீமோ முடிந்து முடி அப்போதுதான் முளைவிட்டிருந்தது. அண்ணி மட்டும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பட்டினச்சேரியில பால்சுறா சொல்லி வெச்சிருக்கேன், உள்ள வா" என்றார்.

எங்களுடையது சொல்தா வீடு. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்தவர். 1954 நவம்பர் 1-ல் காரைக்கால் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தாலும், சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல்தான் நடந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். தாத்தா கொடுத்தார். அவர் போட்ட கையெழுத்தில்தான் பிற்பாடு நானும் பாரிஸ் போனேன். அங்கே வைத்தியமும் கிடைத்தது. ஊர்ப்பக்கம் வராமல் எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது.

சுறாப்புட்டு, எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குப் போடுகிற பத்தியம். பேரன் எடுத்த வயதில் எனக்கு அது கிடைத்தது. மஞ்சள் போட்டு வேகவைத்த சுறாவை ஆறவிட்டு, மணல் மாதிரி சொரசொரக்கும் தோலை உரித்து, சதையை உதிர்த்து, தண்ணீரை ஒட்டப் பிழிய வேண்டும். சின்ன வெங்காயமும் பூண்டும் நிறைய. பச்சை மிளகாய், கறிவேப்பிலை. அடுப்பைத் தணித்து, பொலபொலவென்று வரும்வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். மாதக்கணக்காக எதைத் தின்றாலும் என் வாயில் ஒரு இரும்புக் கசப்பு. அன்றைக்குப் பூண்டு வாசனை மட்டும் தெரிந்தது. அதுவே பெரிய விஷயம்.

"நீ சும்மா உட்காரு" என்று அண்ணி என்னை அடுக்களைப் பக்கமே விடவில்லை. நோயாளிக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை. ஆஸ்பத்திரியிலும் இதைத்தான் சொன்னார்கள்: படுங்கள், கையை நீட்டுங்கள், அசையாதீர்கள். என் தொல்லை தாங்காமல் ஒருநாள் பூண்டு உரிக்கக் கொடுத்தார். மருந்தில் விரல்நுனியெல்லாம் மரத்துப்போயிருந்தது. நாலு பல் உரிப்பதற்குள் அடுப்பில் குழம்பே கொதித்துவிட்டது. ஆனாலும் அதற்குப் பிறகு பூண்டு என் பொறுப்பாகிவிட்டது.

அடுத்து கோலம். மாவு விழுகிறதா இல்லையா என்பது விரலுக்குத் தெரியவில்லை, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். புள்ளி சரியாக விழுந்தது. சிக்குக் கோலத்தின் வளைவில் கோடு தடித்து, அறுந்து, மறுபடி தடித்தது. பக்கத்து வீட்டு ராத்தா வாசல் பெருக்க வரும்போது எட்டிப் பார்த்து, "நேத்தைக்கு இன்னைக்குத் தேவலம்மா" என்று மார்க் போடுவார். சில நாள் இடியாப்பமும் மீன் ஆணமும் அவர் வீட்டிலிருந்து வரும்.

பக்கத்திலேயே திருநள்ளாறு இருப்பதால், நளதீர்த்தத்தில் முழுகிவிட்டு வா என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். புற்றுநோய்க்குச் சனீஸ்வரனைப் பொறுப்பாக்க எனக்கு மனசில்லை. நான் போனது காரைக்கால் அம்மையார் கோயிலுக்கு.

அம்மையார், வணிகர் வீட்டுப் புனிதவதியாக இருந்து, உடம்பின் சதையை உதறிப் பேய் வடிவைக் கேட்டு வாங்கிக்கொண்டவர். கங்கைகொண்ட சோழபுரத்தில் நடராஜர் காலடியில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்து தாளம் போடுகிறார். சிகிச்சையின்போது கண்ணாடியில் அந்த உருவத்தைத்தான் பார்த்தேன். கேட்டு வாங்கியவருக்கு அது வரம். எனக்கு என் சதை திரும்ப வேண்டும். சந்நிதியில் நின்று அதைத்தான் கேட்டேன். அவரிடம் போய் இதைக் கேட்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

ஆனால் தூக்கம் வராத ராத்திரிகளில் துணையிருந்தது அவர் பாட்டுதான். அற்புதத் திருவந்தாதி 101 வெண்பா. ஒன்று முடிகிற சொல்லில் அடுத்தது தொடங்கும். அது இருட்டில் மாடிப்படிக் கைப்பிடி. பிடித்துக்கொண்டே போனால் எங்கேயோ தூங்கிவிடலாம். தமிழ் படிக்கத் தெரியாத என் மகன், காரவேலன் செய்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் அம்மையாரைப் படித்தான். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956-ல் வெளியிட்ட முதல் நூலே அதுதான். எங்கள் ஊர்ப் பெண்ணிடமிருந்து தொடங்கியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

ஆனிப் பௌர்ணமிக்கு மாங்கனித் திருவிழா. அன்றைக்கு வீட்டில் மீன் கிடையாது. கதைப்படி, பசியோடு அடியார் வந்தபோது புனிதவதி வீட்டில் சோறுதான் ஆகியிருந்தது, கறி ஆகவில்லை. இருந்த மாம்பழத்தைச் சோற்றோடு போட்டார். சமைத்து முடியவில்லையே என்று வந்தவரைக் காக்க வைக்கவில்லை. அடுக்களையில் நிற்கிற எவளுக்கும் புரிகிற பக்தி இது.

பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது, வேண்டுதல் நிறைவேறியவர்கள் மாடியிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். எனக்காக அண்ணி வேண்டிக்கொண்டிருந்தாராம். கூடையை என் கையில் கொடுத்துவிட்டார். முதல் பழம் மரத்த விரலிலிருந்து நழுவி எங்கள் சன்ஷேடிலேயே விழுந்தது. கீழே ஓர் இளம் ஜோடி முந்தானையை விரித்துக்கொண்டு அண்ணாந்து நின்றது.

"ரெண்டு கையாலயும் பிடிச்சு எறி" என்றார் அண்ணி.

எறிந்தேன். கொஞ்சம் தள்ளிப் போய் யாரோ ஒருவரின் குடைமேல் விழுந்து எகிற, அந்தப் பெண் தாவிப் பிடித்துவிட்டாள்.