மறைந்திருக்கும் விலாக்கள்

நுழையும்முன்

வானில் மிதக்கும் விமானத்தின் புறத்தோற்றம் நம் கண்ணைக் கவர்கிறது. அதற்கு உருவம் தரும் உள்ளமைப்போ கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மாதிரி விமானம் செய்யப் புகுந்த ஒருவர் தம் கைகளால் கற்ற பாடத்தை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தேசிய மாணவர் படையின் வான்பிரிவில் நான் சேர்ந்த ஆண்டு அது. எஞ்சின் இன்றிக் காற்றில் மிதக்கும் சிறு விமானம் ஒன்றைச் செய்து பறக்கவிட வேண்டும் என்பது எங்களுக்கு இடப்பட்ட பணி. அதற்கான பால்சா மரப்பலகைகளைத் தச்சுத்தொழிலாளியான என் தந்தை தம் கூலியிலிருந்து வாங்கித் தந்தார். ஈக்வடார் நாட்டிலிருந்து மிகுதியாக வரும் அம்மரம் தக்கையைப்போல் இலேசானது. நகம் பட்டாலே குழிந்துவிடும்.

இறக்கையின் உள்ளே, முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை வரிசையாக நிற்கும் மெல்லிய மரத்துண்டுகளே விலாக்கள். 1922இல் வர்ஜீனியஸ் கிளார்க் உருவாக்கிய ‘கிளார்க் ஒய்’ வடிவில் அவற்றைச் செய்தோம். மேற்புறம் வளைந்தும் அடிப்புறத்தின் பெரும்பகுதி தட்டையாகவும் அமைந்த வடிவம் அது. விலாவின் நீளம் 15 சென்டிமீட்டர். மிகத் தடித்த இடத்திலும் அதன் உயரம் ஏறத்தாழ 17.5 மில்லிமீட்டர்தான். ரைட் சகோதரர்கள் 1901இல் காற்றுச் சுரங்கம் அமைத்துச் சுமார் 200 இறக்கை வடிவங்களைச் சோதித்தனர் என்று படித்திருந்தேன். வளைவின் சிறு மாறுபாடும் பறத்தலை மாற்றும் என்பதை மட்டும் நான் மனத்தில் கொள்ளவில்லை.

16 விலாக்களையும் தனித்தனியே அறுத்தேன். உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்தேன். விரல் அழுந்திய இடம் குழிந்தது. குழியை மறைக்க அதன் அருகிலும் தேய்த்தேன். இடப்புற இறக்கையின் நான்கு விலாக்கள் பின்பகுதியின் அடிப்புறத்தில் மெலிந்துவிட்டன. தெரிந்தே அவற்றை ஒட்டினேன். மேலே மெல்லிய தாளைப் போர்த்தியதும் குறை மறைந்தது. நண்பர்கள் பாராட்டினர்.

கையைவிட்டுச் சென்ற விமானம் இடப்புறம் சாய்ந்து, சுழன்று, தரையில் மோதியது. பயிற்றுநர் காரணம் கேட்டார். “காற்று, ஐயா” என்றேன். அன்று வேப்பிலைகூட அசையவில்லை.

வீட்டில் தந்தை கிழிந்த தாளை விலக்கி, விலாக்களின்மேல் பெருவிரலை மெல்ல ஓட்டினார். மெலிந்த இடத்தில் விரல் நின்றது. “மிகுந்திருந்தால் இன்னும் தேய்க்கலாம், தம்பி. தேய்ந்து போனதை எதைக் கொண்டு நிரப்புவாய்?” என்றார். எஞ்சிய பலகை இன்னும் ஓர் இறக்கைக்கே போதுமானதாக இருந்தது.

மறுநாள் பயிற்றுநரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. பின்பகுதி மெலிந்ததால் பின்விளிம்பு மேலேறியதையும், அதனால் அந்த இறக்கையின் தூக்குவிசை குறைந்ததையும் வரைந்து காட்டினார். பின்னர் வழியையும் சொன்னார்.

ஒட்டுப்பலகையில் ஒரே அளவான அச்சுகள் இரண்டு செய்தேன். 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள 16 துண்டுகளை அவற்றிடையே அடுக்கித் திருகாணியால் இறுக்கினேன். அடுக்கு 32 மில்லிமீட்டர் கனத்தில் ஒரே கட்டையாயிற்று. அச்சுகளின் விளிம்பில் பென்சிலால் கருமை தீட்டினேன். தந்தை நேராக இழைத்துத் தந்த மரக்கட்டையில் உப்புத்தாளை ஒட்டி, இரண்டு அச்சுகளின்மேலும் படியுமாறு தேய்த்தேன். முதலில் சொரசொரப்பான தாள். பின்னர் நுண்ணிய தாள். கருமை மங்கத் தொடங்கியதும் கையை நிறுத்தினேன். அளவுகோலைக் குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஒளி எங்கும் கசியவில்லை. திருகாணியைக் கழற்றியபோது 16 விலாக்களும் ஒரே உருவாய்ப் பிரிந்தன.

புதிய இறக்கை பூண்ட விமானம் நேராகச் சென்று, திடலின் மறுகோடியில் மெல்ல இறங்கியது. பார்த்தவர்கள் அதன் மேல்தாளின் நிறத்தையே புகழ்ந்தனர். தந்தை மட்டும் விரலை இறக்கைமீது ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, வேலைக்குப் புறப்பட்டார்.

மெலிந்த அந்த நான்கு விலாக்களுள் ஒன்று இன்றும் என் மேசையில் இருக்கிறது. போர்த்திய தாள் மனிதரின் கண்களை ஏமாற்றலாம். காற்றை ஏமாற்ற முடியாது என்பதை அது எனக்கு நினைவூட்டுகிறது.