எலும்பின் குருத்து

சனி, ஜனவரி 24, 2026

சாயங்காலம் பள்ளியிலிருந்து போன். "மேடம், பாப்பா பிராக்டீஸ்ல விழுந்துட்டா. சுளுக்குதான், பயப்படாதீங்க. வந்து கூட்டிட்டுப் போயிருங்க" என்றார் பி.டி. சார்.

போய்ப் பார்த்தால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். மைதானமெல்லாம் வலி ஸ்ப்ரே வாசம். கபடியில் ரெய்டு போனவளை இரண்டு பேர் செயின் போட்டு மடக்கியிருக்கிறார்கள். விழுந்த வேகத்தில் வலது கையை ஊன்றிவிட்டாள். மணிக்கட்டுக்கு மேலே மேடு தட்டி நிற்கிறது. "விரலை ஆட்டுறா மேடம், எலும்புல ஒண்ணுமில்ல" என்று சார் திரும்பத் திரும்பச் சொன்னார். எலும்பு முறிந்தாலும் விரல் ஆடும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

வீக்கம் ஏறுமுன் கையில் கிடந்த ரப்பர் வளையலையும் கோயில் கயிற்றையும் கழற்றினேன். ஒரு பிள்ளையின் பரீட்சை அட்டையை வாங்கி முழங்கைக்கும் விரலுக்கும் இடையில் அடியில் கொடுத்து, துப்பட்டாவால் கட்டி, இன்னொரு துப்பட்டாவில் தூளி போட்டுக் கழுத்தில் மாட்டினேன். யாரோ குளுக்கோஸ் கரைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். வேண்டாம் என்றேன். மயக்கம் கொடுத்து எலும்பைச் சேர்க்க நேர்ந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். ஆனால் நாலரை மணிக்கே பன்னும் டீயும் சாப்பிட்டிருக்கிறாள்.

போன அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கியது. அந்த அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா ஆடியதிலிருந்து இந்த மைதானத்தில் பெண் பிள்ளைகளின் கூட்டம் கூடிவிட்டது. நல்லதுதான். ஆனால் தரை அதே கட்டாந்தரை. முதலுதவி என்று இருப்பது அந்த ஸ்ப்ரே டப்பா ஒன்றுதான்.

இரவு, பெரியாஸ்பத்திரி

அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) பதியும்போது கூட வந்த சார் என் காதருகில், "வீட்ல வழுக்கி விழுந்துட்டான்னு போட்ருவோமா மேடம்?" என்றார். கெட்டவர் இல்லை. தலைமையாசிரியருக்குப் பயப்படுகிற மனிதர். பள்ளி மைதானம், கபடிப் பயிற்சி, நேரம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். எப்படி விழுந்தாள் என்பது டாக்டருக்கு வைத்தியத்தில் பாதி. நாளைக்கு இன்ஷூரன்ஸ், பள்ளி விளக்கம் என்று எது வந்தாலும் அந்தக் காகிதம்தான் பேசும். ரோட்டில் விழுந்திருந்தால் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் இலவசமாகக் கிடைக்கும். மைதானத்தில் விழுந்த பிள்ளைக்கு அந்தத் திட்டம் பொருந்தாது.

எக்ஸ்ரேயில் மணிக்கட்டுப் பக்கம் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. "இதுதானா முறிவு?" என்று கேட்டேன். எலும்பு டாக்டர், சின்ன வயதுப் பெண், சிரித்துவிட்டார். "அது எல்லாப் பிள்ளைக்கும் இருக்கும்மா. வளர்ச்சித் தகடு. எலும்போட குருத்துன்னு வச்சுக்குங்க. தென்னைக்குக் குருத்து மாதிரி, நீளுறதெல்லாம் அங்கிருந்துதான். இவளுக்கு அந்த இடத்துலதான் விலகியிருக்கு." முன்கையின் ஆர எலும்பு வளர்வதில் முக்கால் பங்கு மணிக்கட்டுப் பக்கத்துத் தகட்டால்தானாம்.

அடுத்து அவர் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன். பெரியவர்கள் விழுந்தால் பல சமயம் ஜவ்வு கிழியும், எலும்பு தப்பிக்கும். வளர்கிற பிள்ளைகளுக்கு ஜவ்வு கெட்டி, குருத்துதான் பலவீனம். அதனால் பெரியவர்களுக்குச் சுளுக்காகப் போகிற விழுகை, பிள்ளைக்கு முறிவாகப் போகலாம்.

ஞாயிறு, ஜனவரி 25

காலையில் மயக்கம் கொடுத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே எலும்பை இடத்தில் உட்கார்த்தி மாவுக்கட்டுப் போட்டார்கள். மத்தியானம் வரை கையைத் தலையணை மேல் நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்திருந்தோம். நகத்தை அமுக்கிவிட்டால் வெளுத்த இடம் உடனே சிவக்க வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தார். விரல் மரத்தாலும் நீலம் பாய்ந்தாலும், மாத்திரைக்கு அடங்காத வலி கூடிக்கொண்டே போனாலும், ராத்திரி எந்நேரமானாலும் ஓடி வரவேண்டும். விரலை நீட்டச் சொல்லி நீட்டச் சொல்லி, பிள்ளையே பழகிக்கொண்டாள்.

செவ்வாய், ஜனவரி 27

அப்பத்தா வந்துவிட்டார். வந்ததும் மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்து, "இதெதுக்குத்தா? புத்தூர் கட்டுக் கட்டினா பச்சிலையே எலும்பை ஒட்டிரும். உங்க தாத்தாவுக்கு ஒட்டலையா?" என்றார்.

தாத்தாவுக்கு ஒட்டியது உண்மை. ஆந்திரத்துப் புத்தூரின் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு நம்மூர்களில் எத்தனையோ கடைகள் இருக்கின்றன. அங்கே போய்க் குணமானவர்களும் உண்டு. பச்சிலையோடு எனக்குச் சண்டை இல்லை. எக்ஸ்ரே பார்க்காமல் இழுப்பதும், வீங்குகிற கையைச் சுற்றி மூங்கில் பத்தை வைத்து இறுக்குவதும்தான் பயம். இறுக்கிய கட்டுக்குள் ரத்தம் ஓடாமல் போனால் சில மணி நேரத்திலேயே தசை செத்து, விரல்கள் மடங்கியபடி நின்றுபோகும். ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபோல்க்மன் 1881-இலேயே இதை எழுதிவைத்துவிட்டார். மாவுக்கட்டிலும் அந்த ஆபத்து உண்டு. நகத்தை அமுக்கிப் பார்ப்பது அதற்காகத்தான்.

அப்பத்தாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "தாத்தாவுக்கு வளர வேண்டியது எதுவும் மிச்சமில்ல அப்பத்தா, இவளுக்கு இருக்கு" என்றேன். ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, "சரி, முட்டையாவது அவிச்சுக் குடு" என்றார். முட்டைக்கு யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

திங்கள், பிப்ரவரி 2

ஒரு வாரம் கழித்து மறு எக்ஸ்ரே. விலகவில்லை. இந்த வாரம்தான் முக்கியமாம். பத்து நாளுக்கு மேலாகிவிட்டால் குருத்து ஒட்ட ஆரம்பித்துவிடும். அப்புறம் இழுத்துச் சேர்த்தால் அந்த இழுப்பே அதைக் கெடுக்கும்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பையன், எட்டாவது படிப்பவனாம். கிரிக்கெட்டில் விழுந்து மூன்று வாரம் ஆகிறது. எண்ணெய் போட்டு உருவியிருக்கிறார்கள். கை கோணலாகக் கூடியிருந்தது. "இப்ப தொடக் கூடாதுங்க. வளர வளரக் கொஞ்சம் நேராகும். பார்ப்போம்" என்றார் டாக்டர். பையனின் அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவரை யாரும் திட்டவில்லை. சுளுக்கு என்று சொன்னவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

திங்கள், பிப்ரவரி 23

கட்டுப் பிரித்தார்கள். கை மெலிந்து தோல் உரிந்து கிடக்கிறது. மணிக்கட்டை மடக்கி நீட்டும் பயிற்சி தினமும். கபடி இன்னும் ஒன்றரை மாதத்துக்குக் கிடையாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

ஆறு மாதத்தில் ஓர் எக்ஸ்ரே, வருடம் திரும்பியதும் இன்னொன்று. அடிபட்ட குருத்து வளராமல் நின்றுவிட்டால் கை கோணும், ஒரு பக்கம் குட்டையாகும். முதல் சில மாதம் வெளியே தெரியாது. அடையாளச் சீட்டின் பின்பக்கம் இரண்டு தேதியையும் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார் டாக்டர். கட்டுப் பிரித்ததும் பாதிப் பேர் வருவதில்லையாம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சீட்டு இருந்தால், பிள்ளை ஓடி ஆடுகிறதே என்று அந்தத் தேதிகளை விட்டுவிடாதீர்கள்.