கைக்குக் குளிர்ந்த எஞ்சின்

ரொறன்ரோவிலிருந்து புறப்பட்டு, சுப்பீரியர் ஏரியின் வடகரையைத் தழுவிச் செல்லும் பெருந்தெருவழியே, தண்டர் பே நகரம் வரையிலுள்ள ஏறத்தாழ 1400 கிலோமீற்றர் தூரத்தையும் மோட்டார் சைக்கிளில் கடக்கவேண்டும் என்ற ஆசை என் நெஞ்சில் குடிகொண்டு வருஷங்கள் பல ஆகிவிட்டன. புது வண்டி வாங்கும் வசதி எனக்கில்லை. ஆகவே, பிறர் ஓட்டிக் கைமாறுகிற நெடும்பயண வண்டி ஒன்றைத் தேடலானேன். ஏப்ரல் பிறந்து, வீதிகளில் மாரி முழுவதும் தூவிய உப்பை மழை கழுவிச் சென்றதும், இந்நகரத்தில் மோட்டார் சைக்கிள்களின் விலை ஏறத் தொடங்குகிறது. அவசரக்காரரும் ஏமாற்றுக்காரரும் சந்தையில் ஒன்றாக வந்து கூடுவதும் அப்பொழுதுதான். இதை உணர்ந்த நண்பர் ஒருவர், ஸ்காபரோவில் கைத்தொழிற் பேட்டை ஒன்றின் பின்புறத்தில் சிறிய கராஜ் நடத்தும் மெக்கானிக் ஒருவரிடம் என்னை அழைத்துச் சென்றார்.

ஐம்பதைத் தாண்டிய வயது, யாழ்ப்பாணத்தவர். சுவரோரம் நின்ற வண்டிகளுள் மிகவும் குறைந்த தூரம் ஓடியதொன்றை நான் வியந்து நோக்குவதைக் கண்டு, "கிலோமீற்றரைப் பார்த்து மயங்காதையும், தம்பி. எத்தினை விண்டர், எப்பிடிப் படுத்ததெண்டதைக் கேளும்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தின் உண்மையைக் கிரகிக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. இத்தேசத்து மோட்டார் சைக்கிள் வருஷத்தில் பாதியை உறக்கத்திலேயே கழிக்கிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அசையாமல் நிற்கும் வண்டியின் கார்புறேற்றருக்குள் எஞ்சிய பெற்றோல் மெல்ல ஆவியாகி, பிசின் போன்றதொரு கசட்டை விட்டுச் செல்ல, அது தலைமயிர் நுழையுமளவேயான ஜெற்றுகளின் துளைகளை அடைத்துவிடுகிறது. பராமரிக்காத பற்றரி உயிர் குன்றுகிறது. ஒயில் சீல்கள் உலர்கின்றன. இருபத்தைந்து வருஷத்தில் இருபதினாயிரம் கிலோமீற்றர் மாத்திரம் ஓடிய வண்டியைவிட, ஆண்டுதோறும் ஒழுங்காக ஓடி, ஒழுங்காக ஒயில் மாற்றி, ஒழுங்காக உறங்கவைக்கப்பட்டு ஒரு லட்சத்தைத் தாண்டிய வண்டி நம்பிக்கைக்குரியது என்று அவர் கூறுவதன் காரணம் இதுவே.

நான் விரும்பியது ஹொண்டாவின் எஸ்.ரி. 1100. 1990இல் ஐரோப்பியச் சந்தைக்கென 'பான் யூரோப்பியன்' என்ற பெயரில் வெளிவந்து, 2002 வரை உற்பத்தியான வண்டி, 1084 சி.சி., நாலு சிலிண்டர், 28 லீற்றர் ராங்க், பின் சில்லைச் சுழற்றச் சங்கிலிக்குப் பதில் ஷாஃப்ட். ஆள் நடமாட்டமற்ற வடக்கு வீதிகளில், மழையில் நின்று சங்கிலிக்கு ஒயில் பூசும் சிரமமில்லை என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

முதலாவது வண்டியைப் பார்க்கப் போன அனுபவம் கசப்பானது. வணிக வளாகம் ஒன்றின் வாகனத் தரிப்பிடத்தில், மெருகேற்றிய வண்டியோடு ஓர் இளைஞர் காத்திருந்தார். எங்கள் மெக்கானிக் வணக்கம் சொல்லும் முன்பே குனிந்து எஞ்சினில் உள்ளங்கையை வைத்தார், சூடாக இருந்தது. குளிர்ந்த எஞ்சின் கிளம்பப் படும் பாட்டை வாங்குகிறவர் காணாதிருக்கும்பொருட்டு, முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடேற்றிக் கொண்டுவருவது பழைய தந்திரம். ஓனர்ஷிப் பத்திரத்தில் இருந்த பெயர் வேறு. "மச்சானுடைய வண்டி" என்றார் இளைஞர். ஒன்ராறியோவில் தனியாள் ஒருவர் வண்டி விற்கும்போது, அதன் பதிவு வரலாறு, மைலேஜ் விவரம், அதன்மேல் தீராத கடன் ஆகியவற்றைக் காட்டும் அரசாங்கத் தகவற்கட்டை வாங்குகிறவரிடம் கொடுத்தாக வேண்டும். அதன் விலை 20 டொலர். அதுவும் அவரிடம் இல்லை. மெக்கானிக் ஒன்றும் பேசாமல் என் தோளைத் தொட்டுத் திருப்பி அழைத்துவந்தார்.

இத்தகையோரை இங்கு 'கேர்ப்சைடர்' என்பார்கள். வாகன வியாபாரிகள் ஓம்விக் என்னும் சபையில் பதிவு பெறவேண்டும் என்பது சட்டம். பதிவு பெற்றவரிடம் வாங்கி வஞ்சிக்கப்பட்டவருக்கு நட்டஈட்டு நிதியமும் உண்டு. இவர்களோ பதிவுமின்றி, தம் பெயரில் எழுதிக்கொள்ளாமலே, ஒருவரிடம் வாங்கி மற்றவர் தலையில் கட்டிவிட்டு மறைந்துபோகிறார்கள். ஒரு வண்டியின் குறையைக் கண்டுபிடிக்க ஒரு மனிதன் முப்பது வருஷம் உழைத்துக் கற்கிறான். அதே குறையை மெருகு பூசி மறைக்க மற்றொருவனுக்கு ஒரு பிற்பகல் போதுமாயிருக்கிறது. ஆனால் லாபம் இரண்டாமவனுக்கே போகிறது. என்னை அதனினும் வருத்துவது நம்மவர் வழக்கம். "அண்ணை, சும்மா ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ" என்று உறவுமுறை கொண்டாடி வந்து, இரண்டு மணி நேரம் மெக்கானிக்கை நிலத்தில் படுக்கவைத்துப் பரிசோதித்த பிற்பாடு, பார்த்ததற்கு என்ன காசு என்று கேட்பவர்கள், முகமறியாத தரகன் கேட்ட ஆயிரங்களை மறுபேச்சின்றி எண்ணிக் கொடுக்கிறார்கள். கை செய்கிற வேலைக்குக் கூலி உண்டு, கண்ணும் காதும் செய்கிற வேலைக்குக் கூலி இல்லை என்ற இந்த எண்ணம் ஒழியாதவரையில் தரகர்கள் கொழுத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

எங்கள் மெக்கானிக் தம் காது எங்கே பயின்றது என்பதை அன்று திரும்பும் வழியில் சொன்னார். 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டு, வடக்கிற்குப் பெற்றோல் போவது தடைப்பட்டபோது அவர் கொக்குவிலில் ஒரு கராஜில் வேலை பழகும் பையன். யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால் சிறு போத்தலில் பொன்போற் காத்துவைத்த பெற்றோலில் சில துளி விட்டுக் கிளப்பி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். மாற்றும் கணம் எதுவென்று சத்தத்தைக் கொண்டே அறியவேண்டும். முந்தினால் எஞ்சின் நின்றுபோகும், பிந்தினால் கிடைத்தற்கரிய பெற்றோல் வீண். ஓடும்போதும் மண்ணெண்ணெய் உள்ளே தட்டும்; எந்தத் தட்டு பொறுக்கத்தக்கது, எது பிஸ்ரனைத் தின்னும் என்பதை, எம்.டி. 90 வண்டிகளின் எஞ்சினில் நீண்ட திருப்புளியின் நுனியை ஊன்றி, அதன் மரப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டுக் கேட்டு அவர் கற்றுக்கொண்டார். 1995 ஒக்டோபர் 30ஆம் தேதி இரவு, யுத்தத்தால் யாழ்ப்பாணமே பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நகர்ந்தபோது, அவர் பையில் மாற்றுடுப்பு ஒன்றும் அந்தத் திருப்புளியும் இருந்தன. கனடாவுக்கு வந்து, கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் சில வருஷம் நின்று, பின்னர் இரவில் படித்து, மோட்டார் சைக்கிள் திருத்துவதற்கு இம்மாகாணம் கட்டாயமாக்கியிருக்கும் 310-ஜி தகுதியைப் பெற்றார். சான்றிதழ் சுவரில் இருக்கிறது. திருப்புளி மேசையில் இருக்கிறது. பிடியில் காது படும் இடம் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது.

இரண்டாவது வண்டி, ஓட்டுவதை நிறுத்திவிட்ட முதியவர் ஒருவருடையது. முதியவரின் கராஜ் கதவு திறந்ததும் மெக்கானிக் முதலில் செய்தது அதே காரியம்: எஞ்சினில் கை. பிறகு என் கையையும் எடுத்து வைத்தார். கல்லைப்போலக் குளிர்ந்திருந்தது.

"நல்ல மனிசன்" என்றார், தமிழில்.

அதன்பின் அவர் பார்த்தவற்றுள் எனக்கு விளங்கியவற்றை மாத்திரம் எழுதுகிறேன். மீற்றர் வைத்து மின்சாரம் அளந்தது எனக்கு விளங்கவில்லை. வண்டி சாய்ந்தால் தாங்கவென்றே இருபுறமும் புடைத்திருக்கும் மூடிகளில் கீறல்கள் இருந்தன, நான் அவற்றைக் காட்டினேன், அவர் பொருட்படுத்தவில்லை. அவர் ரோச் அடித்துத் தேடியது, ஹாண்டில் முழுவதும் திரும்பி முட்டி நிற்கும் இரும்புத் தடையையே. நின்ற நிலையில் சாய்ந்த வண்டி மூடியில் காயம் படும். ஓட்டத்தில் மோதிய வண்டியில் இந்தத் தடை நசுங்கும். அது பழுதின்றி இருந்தது. நடுத் தாங்கியில் வண்டியை நிறுத்தி, பின்பாரத்தை அவர் அமுக்கி முன்சில்லைத் தூக்க, நான் ஹாண்டிலை ஒரு விரலால் மெல்லத் திருப்பினேன். நேர்நிலைக்கு வரும்போது, கண்ணுக்குத் தெரியாத சிறு பள்ளமொன்றில் விழுந்ததுபோல ஓர் இடறல் விரலில் பட்டது. "பிடிபட்டதோ?" என்றார். ஸ்டியரிங் பெயரிங் தேய்ந்து குழி விழுந்திருக்கிறது, மாற்றவேண்டும். ரயர்களில் பூ நிறைய இருந்தது. ஆனால் பக்கச் சுவரில் பொறித்த நாலு இலக்கம் 2309, அதாவது 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் வார்த்த ரப்பர். நகத்தால் அழுத்தினால் தடம் விழவில்லை. பிறேக் திரவம் கறுத்த தேநீர்போல இருந்தது.

முதியவர் சோக்கை இழுத்துக் கிளப்பினார். இரண்டாம் சுற்றில் பிடித்தது. மெக்கானிக் திருப்புளியை ஊன்றி, கண்களை மூடி, ஒவ்வொரு சிலிண்டராகக் கேட்டார். பிறகு மரப்பிடியை என் காதில் வைத்தார். வெளியே ஒரே முழக்கமாக இருந்தது உள்ளே பல ஒலிகளாகப் பிரிந்தது. தையல் யந்திரத்தின் சீரான சிறு தட்டல் ஒன்றும், அதன் அடியில் ஆழமாக ஓடும் இரைச்சலும் கேட்டன. "இந்தத் தட்டு வால்வு. இருக்கவேணும். இல்லாட்டித்தான் பயம்" என்றார்.

குறைகளை அவர் ஒரு தாளில் எழுதி விற்பவரிடமே கொடுத்தார். முதியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாக வாசித்தார். பெயரிங்கைப் பற்றித் தமக்குத் தெரியாது என்றும், மற்றவை உண்மைதான் என்றும் ஒப்புக்கொண்டு, நாங்கள் கேளாமலே விலையைக் குறைத்தார். வண்டி இப்போது ஸ்காபரோக் கராஜில் நிற்கிறது. ரயர் இரண்டும் பெயரிங்கும் மாற்றியபின் சேஃப்டி சான்றிதழில் அவர் கையெழுத்திடுவார். அது 36 நாளுக்குச் செல்லும். ஜூன் நடுவில் புறப்படுகிறேன்.