208 வளைவுகள், ஒரு மங்கி குல்லா

ஊட்டிக்குக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நான் படிக்க ஆரம்பித்துவிட்டேன். மலை ரயிலைப் பற்றித்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். 1899-ல் குன்னூர் வரைக்கும் பாதை போட்டார்கள். 1908-ல் அது ஊட்டியைத் தொட்டது. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பெரியவனுக்கு ஆறு வயது, விவரம் தெரிகிற வயசு. ஜன்னல் ஓரம் உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும் என்று மனப்பாடமே செய்துவைத்திருந்தேன்.

மனைவி எதையும் படிக்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தாள். "பாப்பாவுக்கு எத்தனை செட் வைக்கட்டும்?" என்றாள். பாப்பாவுக்கு மூன்று வயது. மூன்று நாள் பயணம்தானே, ஆறு செட் தாராளம் என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு அர்த்தம் மூன்றாம் நாள்தான் புரிந்தது.

ஃபிளாஸ்க், பால் பவுடர், குட்டி ரைஸ் குக்கர், தெர்மாமீட்டர், காய்ச்சல் சிரப், ஒரு காது பிய்ந்த முயல் பொம்மை, அந்த முயலுக்கு ஒரு போர்வை. வீட்டில் விட்டுவைத்தது ஃபிரிட்ஜையும் பீரோவையும்தான். கீழ்வீட்டு மாமா படியில் பார்த்துவிட்டு, "வீடு காலி பண்றீங்களா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே விசாரித்தார்.

நீலகிரி எக்ஸ்பிரஸ் பெரம்பூர் தாண்டுவதற்குள் முதல் கேள்வி வந்தது. "அப்பா, ஊட்டி வந்துடுச்சா?" ரயிலில் ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தோஷம். டிக்கெட் இல்லையென்றால் படுக்கையும் இல்லை என்பதை மறந்துவிட்டேன். பாப்பா என் பெர்த்தில் குறுக்கே படுத்தாள். ஒரு கால் என் கழுத்தில், இன்னொரு கால் மூக்கில். ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு என்று ராத்திரி முழுக்க ஒவ்வொரு ஸ்டேஷனையும் நான் கண்ணால் பார்த்தேன்.

காலை ஏழு மணி சுமாருக்கு மலை ரயில் கிளம்பும். பெட்டியில் கழிப்பறை கிடையாது. அதனால் மேட்டுப்பாளையத்திலேயே இரண்டு பேரையும் அழைத்துப்போனோம். இரண்டு பேருக்கும் வரவில்லை. கல்லாறு தாண்டியதும் பெரியவன் என் சட்டையை இழுத்தான். வந்துவிட்டது.

அவன் கவனத்தைத் திருப்ப எனக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. "கீழே பாரு, தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வச்ச இரும்பு தெரியுதா? கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் எஞ்சினோட சக்கரம் அந்தப் பல்லைக் கவ்விக்கிட்டுத்தான் ஏறும். இந்தியாவிலேயே இங்க மட்டும்தான் இப்படி" என்றேன். பையன் முன்பல் ஆடிக்கொண்டிருந்த பருவம் அது. நாக்கால் அதைத் தள்ளிக்கொண்டே, "அதுக்கும் பல்லு விழுமா?" என்று கேட்டான். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது என்றேன். "அப்ப வண்டி ரிவர்ஸ்ல போகுதா?" என்றான். 250 பாலங்களை நான் எடுக்கவேயில்லை.

முதல் குகையில் பெட்டி முழுக்க ஓவென்று கத்தினார்கள். பாப்பா பயந்து அலறினாள். மூன்றாவது குகையில் எல்லோரையும்விட அவள்தான் சத்தமாகக் கத்தினாள். குகைகள் தீர்ந்ததும் "இன்னொண்ணு வேணும்" என்று அழ ஆரம்பித்தாள். 1908-ல் கட்டி முடித்துவிட்டார்கள் என்பதை மூன்று வயதுக்கு எப்படி விளக்குவது?

ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றது. பையனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பி வருவதற்குள் ஒரு குரங்கு எங்கள் முறுக்குப் பொட்டலத்தோடு கூரைமேல் உட்கார்ந்திருந்தது. உறையைப் பிரித்த பதவிசைப் பார்த்தால் வருஷக்கணக்கான பழக்கம் என்று தோன்றியது.

ஊட்டியில் பார்த்தவற்றைச் சொல்ல அதிகமில்லை. தாவரவியல் பூங்காவில் இரண்டு கோடி ஆண்டுப் பழமையான கல்மரம் இருக்கிறது. பெரியவன் அதைச் சுற்றிவந்து, "செத்துப்போச்சா?" என்று கேட்டுவிட்டு, புல்வெளிச் சரிவில் உருளப் போய்விட்டான். ஒன்றரை மணி நேரம் உருண்டான். ஏரியில் பாப்பா படகில் ஏற மாட்டேன் என்றாள். 1824-ல் சல்லிவன் என்ற கலெக்டர் வெட்டிய ஏரியைவிட, கரையில் மழைத்தண்ணீர் தேங்கிய ஒரு குழிதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

ராத்திரியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஏழு மணிக்கே இரண்டும் தூங்கிவிட்டன. விளக்கைப் போட்டால் எழுந்துவிடும், டிவி போட்டாலும் எழுந்துவிடும். வாங்கிவந்த பரோட்டா பார்சல் மேசைமேல் ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் இருவரும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். கம்மோடு மூடியை இறக்கிவிட்டு அவள் உட்கார்ந்தாள். கவிழ்த்துப்போட்ட பக்கெட் எனக்கு. நடுவில் ஸ்டூல், அதன்மேல் வாழையிலை. சால்னா சில்லிட்டிருந்தது. ஒரு நாளைக்கு அறை வாடகை எவ்வளவு என்று அப்போது நான் ஞாபகப்படுத்தியிருக்கக் கூடாது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சத்தம் வெளியே கேட்டுவிடும் என்று துண்டை வாயில் வைத்துக்கொண்டாள். காலை ஐந்து மணிக்கு இரண்டும் எழுந்து உட்கார்ந்திருந்தன. பள்ளிக்கூட நாளில் ஏழு மணிக்குத் தண்ணீர் தெளித்தாலும் எழாத பிள்ளைகள்.

திரும்பும்போது கார். குன்னூர் தாண்டினால் மேட்டுப்பாளையம் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். கிளம்பும் முன் பாப்பா ஒரு டம்ளர் பாலும் நான்கு வர்க்கியும் சாப்பிட்டிருந்தாள். ஊட்டி வர்க்கி நல்ல வெண்ணெய் மணத்தோடு இருக்கும், நானே ஆசையாகக் கொடுத்தேன். மூன்றாவது வளைவில் முகம் வெளுத்தது. "கவர், கவர்" என்று மனைவி கத்தினாள்.

கவர் ஏது? 2019-ல் தமிழ்நாடு முழுக்கத் தடை வருவதற்குப் பல வருஷம் முன்பே பிளாஸ்டிக் பையை ஒழித்த மாவட்டம் அது. நல்ல காரியம், நான் அந்தக் கட்சிதான். ஆனால் அந்த நிமிஷத்தில் கையில் சிக்கியது, நேற்று சந்தையில் பேரம் பேசி வாங்கி, அப்போதும் நான் தலையில் போட்டிருந்த மங்கி குல்லா. கம்பளி கெட்டியானது, ஒழுகவில்லை. முகத்துக்கு விட்டிருந்த ஓட்டைதான் காலை வாரிவிட்டது.

"ஓரமா நிறுத்தட்டுங்களா சார்?" என்றார் டிரைவர். அவருக்கு இது தினப்படி சமாச்சாரம். ஆறாவது செட் அன்று காலையே நனைந்துவிட்டது. ஏழும் எட்டும் மனைவி எனக்குத் தெரியாமல் வைத்திருந்தாள். ஆனால் அவை டிக்கியில், மூன்று பெட்டிகளுக்கு அடியில், ரைஸ் குக்கருக்கும் கீழே. மலைப்பாதை ஓரத்தில் நான் ஒவ்வொன்றாக இறக்கி வைத்ததைச் சுவர்மேல் உட்கார்ந்து ஏழெட்டுக் குரங்குகள் பார்த்துக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி, "ஊட்டியில என்னடா பார்த்தே?" என்று பையனைக் கேட்டாள். "அப்பா குல்லாவுல பாப்பா வாந்தி எடுத்தா பாட்டி. ரெண்டு தடவை" என்றான்.

பிள்ளைகளோடு மலைக்குப் போகிறவர்களே, மாற்றுத் துணியை டிக்கியில் போடாதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வர்க்கியைக் கீழே இறங்கிய பிறகு கொடுங்கள்.