நிறுவைக்கு வராத மூச்சு

ஜூன் 15, திங்கள்

பிரட்டு என்னும் காலை ஆள்கணக்கு கலைந்து பெண்கள் மலைக்கு ஏறிவிட்டார்கள். இடுப்பில் படங்கு, தலையில் கூடைக் கயிறு. இலங்கையின் நோட்டன் பிரிட்ஜைச் சுற்றிய மலைநாட்டில் பல தேயிலைத் தோட்டங்களில் நாளுக்கு 18, 20 கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி; குறைந்தால் அரைப்பேர். மழைக் கொழுந்தென்றால் மடுவத்தில் நிறுக்கும்போது ஈரத்துக்கும் கழிப்பார்கள்.

இவர்களிடம் போய், கைகாலை நீட்டி மடக்கும் யோகாப் படத்தைக் காட்டினால் சிரிப்பார்கள். சரிவில் நிற்பதும் எட்டிப் பறிப்பதும் விடிந்ததிலிருந்து நடக்கிறது. உட்காரத்தான் ஆளில்லை.

ஜூன் 17, புதன்

இந்தப் பெண்களுக்குப் பொருந்தும் வழி சென்னையில் இருக்கிறது. திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) மைசூர் அரண்மனையில் இளைஞர்களைத் துள்ளவிட்டு ஆசனம் கற்பித்தவர். சென்னைக்கு வந்தபின் நோயாளிகள், முதியவர்கள் என்று வரவர, ஆளுக்கேற்பப் பயிற்சியை மாற்றினார். கை உயரும்போது மூச்சு உள்ளே, இறங்கும்போது வெளியே. மூச்சு நடத்த, உடம்பு பின்னால் போகும். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் தந்தை பெயரில் யோக மந்திரம் என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். பொறியியல் படித்த மனிதர். அணைகளின் ஊரான நோட்டன் பிரிட்ஜில் அவரை உடனே புரிந்துகொண்டிருப்பார்கள்.

ஜூன் 19, வெள்ளி

காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர் குகைவழி வந்து விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றுகிறது, நோட்டன் அணையில் நிற்கிறது, பிறகு லக்சபானவுக்கு இறங்குகிறது. தேக்குவதும் திறப்பதும் இந்த ஊரின் தொழில். திருமூலரும் திருமந்திரத்தில் அப்படித்தான் கணக்குப் போடுகிறார்: இழுக்க 16 மாத்திரை, அடக்க 64, விட 32.

முதல் நாளே அந்த 64க்குப் போகக் கூடாது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மூச்சடக்கம் ஆகாது. நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டால் போதும். பத்து வினாடிக்கு ஒரு மூச்சு, நிமிடத்துக்கு ஆறு. சும்மா இருக்கும்போது பெரியவர்களுக்கு அது 12 முதல் 20 வரை ஓடும். விடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. மிச்ச நேரம் மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, சும்மா கிடக்கலாம். கூடை சுமந்த கழுத்து தரையில் படுவதே ஒரு ஆசனம்தான்.

ஜூன் 21, ஞாயிறு

உலக யோகா தினம். 2014 டிசம்பர் 11 அன்று ஐ.நா. பொதுச்சபை 177 நாடுகளின் இணை ஆதரவோடு இதைத் தீர்மானித்தது. மறு ஆண்டிலிருந்து கொண்டாடுகிறார்கள். படங்களிலெல்லாம் பச்சைப் புல்வெளி. நோட்டன் பிரிட்ஜிலோ இது தென்மேற்குப் பருவமழையின் நடுக்காலம். புல்லில் கண்ணை மூடி அமர்ந்தால் அட்டைக்குத்தான் நிஷ்டை கூடும்.

ஆகவே கூரை வேண்டும். கோயில் மண்டபம் ஆகும். பிள்ளைக் காம்பரா, அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம், இன்னும் நல்லது. அங்கே பாய்க்கும் அலையத் தேவையில்லை.

ஆனால் ஞாயிறு என்பது துணி துவைக்க, விறகு பொறுக்க, தலைக்குக் குளிக்க, கடைக்குப் போக. அதில் அரை மணி நேரத்தை எங்கே உருவுவது? அந்த நேரத்தில் அடுப்பை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று முதலில் லயத்து வீடுகளின் ஆண்களைத்தான் கேட்க வேண்டும்.