நீமோ ரீஃபின் படக்காரர்கள்

அந்தமானில் ஸ்வராஜ் தீவு என்று 2018இல் பெயர் மாறிய ஹேவ்லாக்கில், நீச்சலே தெரியாதவர்களையும் நீமோ ரீஃப் என்ற பவளத்திட்டுக்குக் கடலுக்குள் அழைத்துப் போகும் டைவிங் கடைகள் நிறைய இருக்கின்றன. பயிற்சியாளர் பின்னாலிருந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்வார். முன்னால் ஒருவர் பின்னோக்கி நீந்தியபடியே படமெடுப்பார். சீசனில் நாள் தவறாமல் நீருக்கடியில் படமெடுப்பவர்கள் இவர்கள். நீரடிப் படக்கலை பற்றிய பேச்சில் இவர்களை யாரும் கணக்கில் வைப்பதில்லை. எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்க நான் இவர்களிடம்தான் போனேன்.

அப்படிப் போன ஒரு கடையின் பின்புறம் இரண்டு நன்னீர்த் தொட்டிகள். ஒன்று உடைகளுக்கு, இன்னொன்று கேமராக்களுக்கு மட்டும். அங்கே உட்கார்ந்திருந்த தம்பி தமிழ் பேசினார். தாத்தா காலத்திலேயே ராமநாதபுரம் பக்கமிருந்து வந்த குடும்பம். கேமராவின் நீர்புகா உறையான ஹவுசிங்கைத் திறந்து, பழைய சிம் கார்டு அட்டையின் முனையால் ஓ-ரிங்கை நெம்பி எடுத்தார். ஊசி, கத்தி எதையும் கிட்டே கொண்டுபோவதில்லை. ரப்பர் வளையத்தை இரு விரலிடையே மெல்ல இழுத்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு தலைமுடி. என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

“இது போதும் அண்ணே, கேமரா காலி. கிரீஸ் நிறையப் போட்டா தண்ணி வராதுன்னு நினைக்கிறாங்க. மணல்தான் ஒட்டும்.”

பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும் சிலிகான் கிரீஸ் தடவி வளையத்தைத் திரும்பப் பொருத்தினார். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பதால் ஆழத்துக்குத்தான் எல்லோரும் அஞ்சுகிறோம். ஆனால் அந்த அழுத்தமே மூடியை இறுக்கிவிடுகிறது. அழுத்தம் குறைந்த முதல் ஒன்றிரண்டு மீட்டரில்தான் பல கேமராக்கள் நனைகின்றன. அதனால் படகேறும் முன் தொட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்துவிடுகிறார்கள்.

அவர் கையிலிருந்தது ஒலிம்பஸ் டிஜி-6. வெறுமனே 15 மீட்டர் வரை தாங்கும். ஹவுசிங்கோடு 45 மீட்டர். முதன்முறை டைவ் செய்பவர்களை 12 மீட்டருக்குக் கீழே கொண்டுபோவதில்லை என்பதால் இதுவே தாராளம். பெரிய கேமரா எடுக்காததற்கு அவர் சொன்ன காரணம் காசு அல்ல. பயந்துபோன விருந்தாளி காலை உதறும்போது பிடித்து நிறுத்த ஒரு கை எப்போதும் காலியாக இருக்க வேண்டும்.

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஐந்து மீட்டருக்குள்ளேயே பெரும்பகுதி போய்விடும். அதனால் வெயில் நன்றாக இறங்கும் ஆழத்தில், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒரு மீட்டருக்குள் நெருங்கி எடுக்கிறார்கள். தூரம் கூடக்கூட நடுவில் தண்ணீரும் கூடும். நிறமும் தெளிவும் போகும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சென்சாரும் அதை மீட்டுத் தராது. அகலக் கோண லென்ஸ் இங்கே அவசியமாவது இதனால்தான். ஹவுசிங்கின் முன்புறக் கண்ணாடியான போர்ட் தட்டையாக இருந்தால் பொருள் பெரிதாகத் தெரிந்து காட்சி குறுகிவிடும். அரைக்கோள வடிவ டோம் போர்ட் அந்த அகலத்தைத் திருப்பித் தரும். ஆகவே லென்ஸையும் போர்ட்டையும் முடிவு செய்த பிறகே கேமராவைப் பற்றி யோசிக்கலாம்.

டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்ற ஆழமான இடங்களில் ஸ்ட்ரோப் என்ற நீரடி ஃபிளாஷ் இல்லாமல் எல்லாமே நீலம். அந்த இரண்டு பெயர்களும் இங்கே வேலை செய்த கரேன் முக்குளிப்பவர்களுடையவை. 1925இல் பிரிட்டிஷார் பர்மாவிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய சமூகம் அது. கடலடியில் வேலை செய்தவர்களின் பெயர் வரைபடத்தில் நிற்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. ஸ்ட்ரோப்பைக் கேமராவை ஒட்டி வைத்தால் மிதக்கும் துகளெல்லாம் பனித்தூறலாக மின்னும். நீள்கைகள் பொருத்தி இருபுறமும் தள்ளிப் பிடிக்க வேண்டும். அப்போது மொத்த உருப்படியும் ஒரு ஆள் அகலத்துக்கு விரிந்துவிடுகிறது.

கவலை அங்கேதான். உடம்பை நிறுத்தத் தெரியாதவர் கையில் அந்த அகலம் பவளத்தின் மேல் மோதும். 2001 முதல் பவளப்பாறைகள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வளர்வதோ ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான், பல இனங்கள் அதுகூட இல்லை. கேமரா வாடகைக்குக் கேட்பவரை இந்தத் தம்பி முதலில் மணல்தரைக்கு ஒரு சாண் மேலே, கைகளைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கச் சொல்கிறார். நிற்க முடியவில்லையென்றால், அன்றைக்குக் கேமரா கிடையாது. முகம் சுளிப்பவர்களிடமும் அதே பதில்தான்.

நானும் அப்படி நின்று காட்டிய பிறகே கேமரா கிடைத்தது. ஊர் திரும்பியதும் பழைய டிஜி-6 ஒன்றும் அதற்கான ஹவுசிங்கும் வாங்கினேன். மிச்சப் பணத்தை ஒரே ஒரு ஸ்ட்ரோப்புக்கும் அடுத்த நிலை டைவிங் பயிற்சிக்கும் ஒதுக்கியிருக்கிறேன். பெரிய மிரர்லெஸ் கேமரா பற்றி அதற்குப் பிறகு யோசிப்பேன்.