முதுகில் மண்

எங்கள் அப்புச்சி இளமையில் குஸ்தி பழகியவர். இராசிபுரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், கிணற்றடிக் களத்து மண்ணைக் கொத்திப் பதப்படுத்தி, அதையே கோதாவாக்கி, விடியுமுன் தண்டாலும் பஸ்கியும் எடுத்துக் கர்லாக்கட்டை சுழற்றிய கூட்டத்தில் அவரும் ஒருவர். திருவிழாக் காலங்களில் அயலூர்களுக்குச் சென்று பொருதியதும் உண்டு. நாமக்கல்லில் கூரையின்றி வெட்டவெளியில் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரே பயில்வான்களுக்கெல்லாம் குரு என்பது அவர் கொள்கை. கோதா இருந்த இடத்தில் இப்பொழுது கோழிப்பண்ணை நிற்கின்றது. அதைக் கடந்து செல்லும்போதெல்லாம் அவர் கால்கள் ஒருகணம் தயங்குவதை நான் கண்டிருக்கிறேன்.

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 3ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை, அவருடைய கயிற்றுக் கட்டிலில் இருவரும் அமர்ந்து என் கைப்பேசியில் ஒரு போட்டியைக் கண்டுகொண்டிருந்தோம். இடம் சிங்கப்பூர். பொருதியவர் இரு பெண்கள். ஒருவர் நம் தேசத்தவரான ரிது போகத். மற்றவர் தாய்லாந்து தேசத்து ஸ்டாம்ப் பேர்டெக்ஸ். இரண்டாம் சுற்றில் ரிது எதிரியைப் பற்றித் தரையில் மல்லாக்க வீழ்த்தினார். அப்புச்சி தம் தொடையை ஓங்கித் தட்டி, "முதுகிலே மண்ணு பட்டாச்சு, கண்ணு! முடிஞ்சுது!" என்று எழுந்தேவிட்டார். ஆனால் ஆட்டம் முடியவில்லை. கீழே கிடந்தவள் தன் கால்களை மேலே கிடந்தவளின் கழுத்திலும் தோளிலும் பின்னினாள், சிறிது நேரத்தில் ரிதுவின் கை ஒன்று அவளிடம் அகப்பட்டு நீண்டது, ரிது தட்டினார், நடுவர் பாய்ந்து இருவரையும் பிரித்தார். மல்லாந்து கிடந்தவளின் கையை உயர்த்தி, அவளே வென்றாள் என்றார்கள்.

அப்புச்சிக்கு வந்த கோபத்தை இங்கே எழுதுதல் இயலாது. நடுவருக்குக் கண் தெரியவில்லை என்பதில் தொடங்கி, மீசையே இல்லாத அவருடைய மீசையைப்பற்றியும் சில சொன்னார்.

அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மல்லுக்கு நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் நீதி ஒன்றே: மேலே இருப்பவன் வென்றவன், முதுகில் மண் பட்டவன் தோற்றவன். புறநானூற்றின் 80ஆம் பாட்டில், ஆமூர் மல்லனைக் கோப்பெருநற்கிள்ளி பொருது அட்ட காட்சியைச் சாத்தந்தையார் பாடுகின்றார். அங்கும் அரசனுடைய ஒரு கால் மல்லனின் மார்பின்மேல்தான் இருக்கின்றது. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சாதித்தவனை நாம் பழமொழி சொல்லி நகைக்கிறோம். குஸ்தி முறைப்படி பார்த்தால் அவன் கட்சியிலும் சற்று நியாயம் உண்டு என்பேன். குப்புற விழுதல் தோல்வியன்று. மல்லாந்து இரு தோளும் மண்ணிற்படுவதே தோல்வி.

ரிது இந்த நீதியிலேயே பிறந்து வளர்ந்தவர். அரியானாவிலுள்ள பலாலி என்னும் ஊரில் மகாவீர் சிங் போகத் தம் பெண்மக்களை ஆண்பிள்ளைகளோடு மண்ணில் இறக்கிப் பழக்கிய வரலாற்றை, 2016இல் வெளிவந்த தங்கல் என்ற திரைப்படத்தின் வாயிலாக நம்மில் பலர் அறிவர். மூத்தவர் கீதா, 2010இல் தில்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் தங்கம் பெற்றார். ரிது அவருடைய தங்கை. 2016இல் காமன்வெல்த் மல்யுத்தப் போட்டியில் 48 கிலோப் பிரிவில் தங்கமும், 2017இல் போலந்து தேசத்தில் 23 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டியில் வெள்ளியும் பெற்றார். ஒலிம்பிக் வழி அவருக்குத் திறந்தே இருந்தது. ஆயினும் 2019இல் அவர் அவ்வழியை விட்டுச் சிங்கப்பூர் சென்று, அடி, உதை, பிடி, பூட்டு யாவும் கலந்த புதிய போரைப் பயிலத் தொடங்கினார். கலப்புத் தற்காப்புக் கலை என்று இதனைப் பத்திரிகைகள் கூறும். அவ்வாண்டு நவம்பர் 16ஆம் தேதி, பெய்ஜிங் நகரில், முதற் போட்டியின் முதற் சுற்றிலேயே கொரிய வீராங்கனை ஒருவரை வென்றார். தொடர்ந்து மேலும் மூன்று வெற்றிகள். பிடித்து வீழ்த்தி மேலே அமர்ந்து அடிக்கும் அவருடைய முறைக்கு எதிர்நிற்பாரில்லை என்றே தோன்றிற்று.

பின் ஏன் அந்த டிசம்பர் மாலையில் அவ்வாறு ஆயிற்று? அன்று அப்புச்சிக்கு என்னால் சரிவர விடைகூற இயலவில்லை. பின்னர்ப் பல நாள் எண்ணியே ஒருவாறு தெளிந்தேன்.

ஒலிம்பிக் மல்யுத்தத்தில் எதிரியின் மூட்டை முறிக்கும் பூட்டுப் பிடிகளுக்கு அனுமதி இல்லை. கழுத்தை நெரித்தலும் கூடாது. ஆகவே அதிற் பழகியவருடைய உடம்பு, எதிரியின் முதுகு தரையிற் பட்ட அக்கணமே, ஆபத்து நீங்கியது என்று தானே எண்ணிக்கொள்கின்றது. பல்லாயிரம் முறை பழகிய உடம்புக்கு மூளையின் உபதேசம் எளிதில் ஏறாது. புதிய களத்திலோ ஆபத்து அக்கணத்திலேதான் தொடங்குகின்றது. கீழே கிடப்பவருக்கு இரு கைகளும் இரு கால்களும் ஓய்வாக இருக்கின்றன. மேலே இருப்பவர் தம் கையைச் சற்றே நீட்டினால் போதும், அதைப் பற்றி, கால்களை அவர் மார்புக்கும் முகத்துக்கும் குறுக்கே போட்டு, முழங்கையைத் தம் இடுப்பின்மேல் வைத்துப் பின்னுக்கு வளைத்துவிடலாம். தோல்விக்கு அஞ்சிக் குப்புறத் திரும்புதல் மல்லருடைய மற்றொரு பழக்கம். அப்படித் திரும்பினால் எதிரி முதுகின்மேல் ஏறிக் கழுத்தைப் பின்னிருந்து கட்டிவிடுவார். எந்தப் பழக்கம் மண்ணிலே காத்ததோ அதுவே இங்குக் காட்டிக்கொடுக்கின்றது.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. ஸ்டாம்பும் வேற்றுக் களத்திலிருந்து வந்தவரே. அவர் முவாய் தாய் என்னும் உதைச்சண்டையிலும் கிக்பாக்ஸிங்கிலும் பட்டம் பெற்றவர். மல் அவருடைய பிறவிக் கலையன்று. ஆதலால் தாம் கீழே விழுவது உறுதி என்று எதிர்பார்த்து, விழுந்தபின் செய்யவேண்டியதைக் கற்றுவைத்திருந்தார்.

இவ்விடத்தில் ஜப்பானியர் ஒருவரைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. சகுராபா கசுஷி என்பவர் 1969இல் அகிதாவிற் பிறந்தவர்; தொழில்முறை மல்லர். தொழில்முறை மல் என்பது கூத்தும் சண்டையும் கலந்தது. வெற்றி தோல்விகள் பெரும்பாலும் முன்னரே பேசி முடிவுசெய்யப்படுவன. தாரா சிங், கிங்காங் என்ற பெயர்களைக் கேட்டு வளர்ந்த நம் முதியோருக்கு இது புதிதன்று. மெய்ச்சண்டையில் இத்தகையோர் என்ன செய்துவிடுவர் என்று பலர் எள்ளிய காலம் அது. எள்ளுவதற்குக் காரணமும் இருந்தது. 1997 அக்டோபர் 11ஆம் தேதி, சகுராபாவுக்கு மூத்தவரும் ஜப்பான் முழுதும் புகழ்பெற்றவருமான தகாதா நொபுஹிகோ, பிரேசில் தேசத்து ரிக்ஸன் கிரேஸியிடம் ஐந்து நிமிஷத்திற்குள் கைப்பூட்டில் அகப்பட்டுத் தோற்றார்.

அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் தேதி யோகஹாமாவில் சகுராபா களமிறங்கினார். அங்கும் விபரீதம். தம்மினும் மிகப் பெரிய பிரேசில் வீரரின் காலைப் பற்ற அவர் குனிந்ததை, அடிபட்டு விழுந்ததாக எண்ணி நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். பின்னர் அது தவறெனக் கண்டு, அன்றிரவே இருவரும் மீண்டும் பொருதனர். கைப்பூட்டில் எதிரியைத் தட்டச்செய்து சகுராபா வென்றார். 2000 மே 1ஆம் தேதி டோக்கியோவில் ராய்ஸ் கிரேஸியோடு அவர் பொருதது, 15 நிமிஷம் கொண்ட ஆறு சுற்றுக்கள், ஆக 90 நிமிஷம். ராய்ஸின் தரப்பார் துண்டை வீசித் தோல்வியை ஒப்புக்கொண்டனர்.

பொய்ச்சண்டைக்காரர் எனப்பட்டவர் தேறினார். மெய்ம்மல் பயின்ற ரிது தடுமாறினார். ஏன்? சகுராபாவின் கூத்துமேடையில் பூட்டுப் பிடிகளே முதன்மையானவை. பில்லி ராபின்ஸன் என்ற ஆங்கிலேய மல்லரிடம் அவற்றை அவர் மெய்யாகவே கற்றிருந்தார். பூட்டுவதையும் பூட்டப்படுவதையும் நாள்தோறும் பயின்ற உடம்பு அவருடையது. ரிதுவின் கலை எத்துணை உயர்ந்ததாயினும், அதன் சட்டமே இப்பாடத்தை விலக்கியிருந்தது. சகுராபா அழியாத வீரர் என்று நான் சொல்லவில்லை. வாண்டர்லே சில்வா என்பாரிடம் மும்முறை தோற்றார், அவ்வாழ்வுக்குத் தம் முழங்கால்களையே விலையாகக் கொடுத்தார்.

தட்டுதலைப் பற்றியும் சொல்லவேண்டும். இனிப் பொறுக்கவியலாது என்று காண்பவர், எதிரியின் உடம்பிலோ தரையிலோ கையால் தட்டினால் ஆட்டம் அத்துடன் முடிந்தது. 1951இல் ரியோ நகரில் ஹீலியோ கிரேஸியைக் கிமுரா மசஹிகோ என்னும் ஜப்பானிய ஜூடோ வீரர் பூட்டியபோது, ஹீலியோ தட்டவில்லை, எலும்பு முறிந்தது, அவர் தரப்பார் இடைபுகுந்து நிறுத்தினர். அப்பிடிக்குக் கிமுரா என்றே பெயர் நிலைத்துவிட்டது. 2000 ஆகஸ்டில் சகுராபா அதே பிடியால் அக்குடும்பத்து ரென்ஸோவை மடக்கியபோது அவரும் தட்டவில்லை, முழங்கை இடம்பெயர்ந்தது. இவற்றை வீரம் என்று போற்றுவோர் பலர். நானும் அவர்களில் ஒருவனாய் இருந்தேன்.

2018ஆம் ஆண்டு நான் இக்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவன். நம் சடுகுடுக் குழுவில் காலைப் பிடிப்பவன். பிடித்தால் விடமாட்டான் என்று பெயர். அப்பெயரின் மமதையால், விடுமுறையொன்றில் சேலத்திலுள்ள ஒரு பயிற்சிக் கூடத்திற்குச் சென்று, என்னினும் மெலிந்த பிள்ளையாண்டான் ஒருவனோடு மோதினேன். மூன்றெண்ணுமுன் அவனை மல்லாக்கத் தள்ளிவிட்டேன். தள்ளிய களிப்பு அடங்குமுன் என் வலக்கை அவன் கால்களுக்கிடையே இருந்தது. "தட்டுங்கண்ணா, தட்டிருங்கண்ணா" என்று அவன் மெல்லிய குரலில் கெஞ்சினான். மேலே இருப்பவன் நான். நான் ஏன் தட்டவேண்டும்? பச்சை விறகு முறிவதுபோன்ற ஓசை கேட்டது. அந்தப் பிள்ளை அழுதுவிட்டான். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஆறு வாரம் மாவுக்கட்டு. கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டியில் நான் ஆடவில்லை. நம் குழு இறுதியாட்டத்தில் தோற்றது. நான் ஆடியிருந்தால் வென்றிருப்போம் என்று சொல்லத் துணியேன். ஆனால் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று குழுவினரிடம் நான் கூறியது பொய். அந்நண்பர்கள் இதனை வாசிக்க நேர்ந்தால், எட்டாண்டு தாழ்த்த இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்வார்களாக. அக்காலத்தில் காலை வழிபாட்டில், யாக்கோபு இரவு முழுதும் போராடித் தொடைச்சந்து சுளுக்கி, விடியலில் நொண்டி நடந்த பகுதி வாசிக்கப்பட்டதும் நினைவிருக்கின்றது. யாக்கோபு தன் நொண்டுதலை மறைத்ததாகக் கதை இல்லை. நானோ கையைத் துண்டால் மூடிக்கொண்டு கடைசிப் பெஞ்சில் அமர்ந்திருந்தேன்.

அப்புச்சிக்கும் அதே பொய்யைத்தான் சொல்லியிருந்தேன். ஆகவே அந்த டிசம்பர் மாலையில், "வலிக்குப் பயந்து தட்டிப்போட்டாளே, போகத் வீட்டுப் பிள்ளை!" என்று அவர் வைதபோது என்னால் பொறுக்கமுடியவில்லை. என் முழங்கையை அவர் கையில் வைத்தேன். அது இன்றும் முழுதாக நீளாது. நடந்ததைச் சொன்னேன்.

அவர் நெடுநேரம் அந்த மூட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பின் தம் இடக்கைச் சுண்டுவிரலைக் காட்டினார். அது கோணலாயிருப்பதை நான் பிறந்தது முதல் கண்டிருக்கிறேன்; ஏரோட்டுகையில் நுகத்தில் நசுங்கியது என்றே வீட்டில் எல்லோரும் அறிவோம். "நுகத்தடியும் இல்லே, ஒண்ணும் இல்லே. திருவிழாக் குஸ்தியிலே ஒருத்தன் பிடிச்சு மடக்குனான். விடுன்னு சொல்ல வாய் வரலே," என்றார். எங்கள் அம்மாச்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே சென்றார்.

ரிது அதன்பின் 2022 செப்டம்பரில் கழுத்துப் பூட்டில் தோற்றார். நெடிய இடைவெளிக்குப்பின் 2025 பெப்ருவரியில் கத்தார் தேசத்து லுசைல் நகரில் மீண்டும் இறங்கி, மியுரா ஆயகா என்னும் ஜப்பானியப் பெண்ணிடம் கைப்பூட்டிலேயே தோற்றார். தங்கமும் வெள்ளியும் வாங்கித் தந்த ஒரு கலையை வைத்துக்கொண்டு, பள்ளிப்பிள்ளைபோல் மறுபடியும் தொடங்கியவர் அவர். அந்தத் தோல்விகளுக்காக அவரை எள்ளுவார் எள்ளட்டும், நான் எள்ளமாட்டேன்.

அன்றிரவு உணவிற்குப்பின் அப்புச்சி பாயை விரிக்கச்சொல்லி என்னை மல்லாக்கப் படுக்கவைத்தார். தாம் மேலே மண்டியிட்டு அமர்ந்து, அந்தப் பெண் செய்தபடி செய் என்றார். எண்பதைக் கடந்த கையை நான் எவ்வளவு மெதுவாக நீட்டியிருப்பேன் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். சற்று நேரம் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். பிறகு மற்றைக் கையால் பாயில் இருமுறை தட்டினார். நான் விட்டுவிட்டேன்.

"இவ்வளவுதானா?" என்றார். பின் கைப்பேசியைச் சுட்டிக்காட்டி, "மறுபடி போடு. கையை எங்கே நீட்டினாள் என்று பார்க்கலாம்," என்றார்.